செவ்வாய்க்கிழமை விரதம்

என் அருமை மதினிக்கு,

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பள்ளத்தூரில் நம் பள்ளியின் ஆசிரியர் அறையில், நீங்கள் எப்போதும் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியான இடைவேளை முடிந்ததும் எனக்குப் பத்தாம் வகுப்பு அறிவியல், அதுவும் லேப்பில். எழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயமாக இருக்கிறது மதினி. இதைச் சொல்ல இங்கே எனக்கு வேறு ஆளில்லை. பக்கத்து நாற்காலி டீச்சரிடம் சொன்னால் "பிரஷர் பாத்தீகளா?" என்று கேட்பார்.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. உங்கள் மூக்குக்கண்ணாடி நீங்கள் கழற்றி வைத்த இடத்திலேயே, டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூசி தட்டி மறுபடி அங்கேயே வைக்கிறார். நான் தினமும் காலையில் அங்கே போய் அவரோடும் அம்மாவோடும் பலகாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் காரைக்குடியில் பஸ் ஏறுகிறேன். அம்மா குன்றக்குடிப் பக்கம் போவதையே விட்டுவிட்டது. "செவ்வா தவறாம விரதம் இருந்தவளையே காப்பாத்தாத முருகன் என்னயவா காப்பாத்தப் போறான்?" என்று கேட்கிறது.

நீங்கள் போனது சித்திரையில். ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியை லேப் சாவியை என் கையில் வைத்தார். "உங்க மதினி பாத்ததை நீங்க பாக்குறதுதானே முறை" என்றார். என்ன முறை இது? நான் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் கரும்பலகையில் அறிவியல் நடத்தியவள். எனக்கு நெருப்பு என்றால் மஞ்சள் சாக்பீஸ், அமிலம் என்றால் பாட்டில் படம் போட்டுப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டேன். உங்கள் சாவி வேறொருத்தர் கையில் போவதைப் பார்க்க மனசு வரவில்லை.

வாங்கினேனே தவிர திறக்கவில்லை. ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டேன். அதில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார், ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் சிந்தவில்லை. பிள்ளைகளும் நன்றாகவே படித்தார்கள். அரையாண்டில் லேப் கேள்விகளுக்கு யாரும் மார்க்கை விடவில்லை. தலைமையாசிரியைக்கு ஏக சந்தோஷம்.

ஷபானா மட்டும் இல்லாவிட்டால் நானும் சந்தோஷமாகவே இருந்திருப்பேன். புதுவயலில் இருந்து வருகிற பிள்ளை. அத்தா சவுதியில் இருக்கிறார். உங்களிடம் படித்துப் போன நஸ்ரினின் தங்கை இவள், அக்காவைப் போலவே வாய் ஓயாது. ஒருநாள் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, "டீச்சர், ஆசிட்டு வாடை அடிக்குமா?" என்று கேட்டாள். அடிக்கும் என்றேன். "எப்படி வாடை? நாங்க யாருமே மோந்து பாத்தது இல்லையே" என்றாள். நானும் உங்கள் லேப் வாசலோடு திரும்பியவள்தான், எனக்கு என்ன தெரியும்? அன்றைக்குச் சமாளித்துவிட்டேன். அந்தக் கேள்வி போகவில்லை. பஸ்ஸில் வந்தது, வீட்டுக்கும் வந்தது.

அதனால் பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை, போன வாரம், லேப்பைத் திறந்தேன். நீங்கள் செய்வதாக உங்களிடம் படித்த பிள்ளைகள் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். பின்னலைத் தூக்கிக் கொண்டை போடச் சொன்னேன். எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தேன், வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். அடர் கந்தக அமிலத்தை ஒரு சின்ன பீக்கரின் அடியில் நனையும் அளவுக்குத்தான் ஊற்றினேன். பக்கத்தில் ஒரு பெரிய பீக்கர் நிறையத் தண்ணீர். சொட்டுக்குழாயால் அமிலத்தை எடுத்துத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், பீக்கர் சூடாவதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் பாடம்.

அமிலத்தை நீரில் சேர்க்க வேண்டும், நீரை அமிலத்தில் சேர்க்கக் கூடாது. வகுப்பே சேர்ந்து சொன்னது. ஷபானாவின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. அதனால்தான் அவளைக் கூப்பிட்டேன். வந்தாள், சொட்டுக்குழாயை எடுத்தாள். வாய் அந்த வரியைச் சொல்லிக்கொண்டே இருந்தது. கை தண்ணீர் பீக்கருக்குள் போய்த் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, அமிலத்தில் பீய்ச்சியது.

சுர்ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது மதினி. அவள் கண்ணாடியில் ஒரு துளி, சட்டைக் கையில் இரண்டு துளி, மணிக்கட்டில் ஒன்று. நான் கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. அவளை இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து கையை அடியில் பிடித்தேன். அவள் "போதும் டீச்சர், குளிருது" என்று சொன்ன பிறகும் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மிளகளவு சிவப்பு, ஆறிவிடும் என்று டாக்டர் மருந்து தடவி அனுப்பினார். கண்ணாடி மட்டும் போடாமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று பஸ் ஏறும்போது அவளிடம் கேட்டேன். வாய் ஒன்று சொல்லிக் கை ஒன்று செய்ததே, ஏன்? யோசித்துப் பார்த்துச் சொன்னாள்: "வீட்டுல நாந்தான் டீச்சர் மோர் கலக்குவேன். கெட்டித் தயிருல தண்ணியத்தான் ஊத்துவோம். அந்த மாதிரியே ஊத்திட்டேன்."

அவள் கை மட்டுமா? என் கையும் அப்படித்தான். குழம்பு கெட்டியானால், மாவு கெட்டியானால், கெட்டியாக இருப்பதில்தான் தண்ணீரை ஊற்றுகிறோம். பிறந்ததில் இருந்து கை படித்த பாடம் அது. வாய்ப்பாடு மாதிரி ஒரு வரியை ஒப்பிக்க வைத்துவிட்டு, அந்தக் கையை எதிர்ப்பக்கம் போ என்றால் எப்படிப் போகும்?

மறுநாள் காலையில் ஷபானாவின் அம்மா வந்துவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகப் பேசினார்.

"அவுக அத்தா வீடியோ கால்ல கையக் காட்டச் சொல்லிப் பாத்துட்டு, ராத்திரி சாப்பிடவே இல்லையாம் டீச்சரம்மா. பொம்பளப் புள்ள. மொகத்துல பட்டுருந்தா என்ன செஞ்சிருப்போம்? எங்க மூத்தவ படிச்சப்ப இருந்தாகளே ஒரு டீச்சர், அவுக தைரியசாலி. அவுககிட்ட விட்டுட்டு நான் பயப்படாம இருந்தேன். நீங்களும் அவுகளும் ஒண்ணா?"

இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். தலைமையாசிரியை அவரை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பிராக்டிகல் மார்க் எப்படியும் எல்லாருக்கும் போட்டுருவோம். அப்புறம் என்னத்துக்கு டீச்சர் இந்த வம்பு? வீடியோவே போடுங்க. இல்ல, லேப்பைத்தான் திறப்பேன்னா அது உங்க பொறுப்பு. அடுத்த செவ்வாக்கெழமைக்குள்ள முடிவு பண்ணிக்கங்க" என்றார். கெட்டவர் இல்லை, அவருக்கும் பயம்.

வாரம் முழுக்க முடிவு பண்ணினேன். காலையில் திறப்பேன் என்று இருக்கும், மத்தியானம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் லேப் எடுக்கும்போது மெல்ல முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பீர்கள். என் வகுப்பு வரைக்கும் கேட்கும். நெருப்போடும் அமிலத்தோடும் நின்றுகொண்டு பாட்டு வருகிறதே இவருக்கு, என்ன நெஞ்சழுத்தம் என்று நினைப்பேன். அந்த நெஞ்சு எனக்கு இல்லையே என்றுதான் இந்த வாரம் அழுதேன்.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் வீட்டில் தட்டில் இட்லி வைத்தார். ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தேன், உள்ளே போகவில்லை. தட்டைத் தள்ளிவிட்டேன். அண்ணன் என்னையே பார்த்தார். அம்மா கூடத்தில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அடுப்படிக்கு வாத்தா" என்றார்.

"இன்னைக்கு லேப்பா?"

"ஆமாண்ணே."

"ஒங்க மதினியும் இப்பிடித்தான். லேப்பு அன்னைக்குப் பச்சத்தண்ணி பல்லுல படாது. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு புள்ளைக்கு ஸ்பிரிட் வெளக்குல முடி கருகிப்போச்சாம். அதுல இருந்து வயித்தப் பெரட்டும் அவளுக்கு. அம்மா பாத்துட்டு, செவ்வாக்கெழமையாச்சே, முருகனுக்கு விரதமான்னு கேட்டுச்சு. 'ஆமாத்தே'ன்னுட்டா. அதோட சரி."

நான் நம்பவில்லை. சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

"ஒரு வருசம் டைம்டேபிள் மாறி லேப்பு வியாழக்கெழமைக்குப் போச்சுல்ல, நெனச்சுப் பாரு" என்றார்.

நினைத்துப் பார்த்தேன். அந்த வருடம் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததே! "எம்மருமக முருகனை விட்டுப்புட்டுத் தெச்சிணாமூர்த்திகிட்டப் போயிட்டா" என்று. மறுவருடம் விரதம் செவ்வாய்க்குத் திரும்பியதும், முருகனிடம் உங்களுக்காக மன்னிப்புக் கேட்டு விளக்குப் போட்டதே! அண்ணனும் நானும் அடுப்படியில் நின்று சத்தம் வராமல் சிரித்தோம். நீங்கள் போன பிறகு அண்ணன் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டார்.

நீங்களுமா மதினி? இத்தனை வருடம், வாரா வாரம், வெறும் வயிற்றோடா அந்தக் கதவைத் திறந்தீர்கள்? அந்தப் பாட்டும் பயத்தில் வந்ததுதானா? ஒரே பஸ்ஸில் வந்தோம், ஒரே டப்பாவில் சாப்பிட்டோம், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? கோபமாக வருகிறது. சொல்லியிருந்தால் நான் லேப் பக்கமே வந்திருக்க மாட்டேன் என்று நினைத்தீர்களோ? அதுவும் உண்மைதான்.

இதை எழுதும்போதே வாசலில் ஷபானா வந்து நின்றாள். வந்ததும் கையைப் பார்த்தேன். சிவப்பு மங்கியிருக்கிறது, தோல் உரியவில்லை.

"டீச்சர், இன்னைக்கு லேப்பா வீடியோவா?"

"உங்க அம்மா என்ன சொன்னாங்க?"

"லேப்புன்னா போகாதன்னுதான் மொதல்ல சொன்னாக. அப்புறம் நேத்து, 'டீச்சரு பயந்தாகளா?'ன்னு கேட்டாக. ஆமா, என்னயக் காட்டியும் அவுக கைதான் நடுங்குச்சு, கொழாயடியில பிடிச்ச கைய விடவே இல்லன்னேன். 'அப்பச் சரி, போ'ன்னுட்டாக."

லேப்தான் என்று சொல்லி அவளை அங்குட்டு அனுப்பிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். தலைமையாசிரியையிடமும் சொல்லிவிட்டேன், என் பொறுப்பு என்று. குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார்.

பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஷபானாவின் கண்ணாடியில் விழுந்த துளி கண் முன்னால் நிற்கிறது. ஆனால் இன்று அமிலத்துக்கு முன்னால் வேறு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வீட்டில் இருந்து ஒரு தூக்கு நிறையக் கெட்டித் தயிர் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தண்ணீரை முதலில் எடுத்துவைத்து, அதில் தயிரை ஊற்றி மோர் கலக்க வேண்டும். பழகிய கைக்கு அது கோணலாகத்தான் இருக்கும். காலையில் அண்ணன் வீட்டில் நானே செய்து பார்த்தேன், என் கை இரண்டு தடவை தப்பாகப் போனது. வாய் ஒன்றும் சொல்லாமல் கை தானாகச் சரியாகப் போகும்வரைக்கும் அமில பாட்டில் அலமாரியில்தான் இருக்கும். அதற்கு இந்த வாரம் போதாவிட்டால் அடுத்த வாரம். இப்படி ஒன்றை நீங்கள் செய்ததுண்டா? நீங்கள் இருந்தால் "தயிரு புளிச்சிருக்கே தெய்வான" என்று முதலில் ஒரு டம்ளர் குடித்திருப்பீர்கள்.

நான் கிளம்பும்போது அம்மா பார்த்துவிட்டது, தள்ளிவைத்த இட்லியையும் கையில் தயிர்த் தூக்கையும். "என்னடி, ஒனக்கும் செவ்வா விரதமா?" என்று கேட்டது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றேன்.

அம்மா உள்ளே போய், நீங்கள் போன நாளில் இருந்து ஏற்றாமல் கிடந்த முருகன் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தது. அதனால் இனி நானும் மாற்றிச் சொல்ல முடியாது மதினி. இடைவேளை முடிந்து மணி அடிக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்தச் சாவி என்னிடம் இருக்கும்வரைக்கும் எந்தச் செவ்வாய்க்கிழமையும் அந்தக் கதவு பூட்டிக் கிடக்காது, நானும் சாப்பிட மாட்டேன்.

உங்கள் விரதத்தை வாங்கிக்கொண்ட நாத்தனார்,
தெய்வானை