வாடகையில்லாமல் குடியிருந்தவள்

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா தனபாக்கியத்துக்கு,

செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதி எந்தத் தபாலில் போடுவாய் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். போட வேண்டாம். நீ எனக்குச் சொல்ல வேண்டியதைத் தனியாகவா சொன்னாய்? ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, அடுத்தவன் வாயால் வாசிக்கவைத்துச் சொன்னாய். நானும் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

நாங்கள் இப்போது மதகடிப்பட்டில் இருக்கிறோம். விழுப்புரம் சாலை திரும்புகிற இடத்தில் ஓர் அறையும் முன்னால் ஒரு சாய்ப்பும். விடிவதற்குள் இட்லிக்கு அடுப்பு மூட்டிவிடுகிறேன். கரும்பு வண்டிக்காரர்கள் வருகிறார்கள், சந்தைக்குப் போகிறவர்கள் வருகிறார்கள். இவருக்கு முதுகுவலி இன்னும் விடவில்லை. இருந்தாலும் தண்ணீர் இவர்தான் கொண்டுவருகிறார். நீ இருந்தால் "அந்த மனுசன் நல்ல மனுசன்டி" என்று சொல்லியிருப்பாய். அவரை நீ அடிக்கடி அப்படித்தான் சொல்வாய்.

எங்களைச் செலியமேட்டுக்கு வரச் சொன்னது நீதான். அது மறந்திருக்காது உனக்கு. சைகோனில் பிரெஞ்சுக்காரனுக்குச் சொல்தாவாக இருந்து திரும்பிய உன் வீட்டுக்காரர், பட்டாளத்துச் சம்பாத்தியத்தில் கட்டிய மூன்று வீடுகளையும் உன் பேருக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். முன்னால் ஓட்டு வீடு, பின்னால் இரண்டு கூரை வீடு. பிள்ளை குட்டி இல்லை. அத்தனைக்கும் நடுவில் நீ ஒருத்தி. நாங்கள் அப்போது கரிக்கலாம்பாக்கத்தில் பிறத்தியார் நிலத்தை வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தோம். வண்டி கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றாய்.

"இன்னாத்துக்குடி எவன் நெலத்துலயோ கெடந்து சாவுறீங்க? வந்து எங்கூட இருங்க. எனக்குன்னு யாரு கீறா? எனக்கப்பறம் பின்னால இருக்கிற வூடு ஒனக்குத்தான்."

இவர் தயங்கினார். வார நிலத்தை விட்டால் திரும்பக் கிடைக்காது என்றார். நான்தான் கேட்கவில்லை. அக்கா சொல்லுக்கு மேல் என்ன பத்திரம் என்று பேசி அவர் வாயை அடைத்தேன்.

அதற்குப் பிறகு உனக்கு நான் என்ன செய்தேன் என்று எழுதப் போவதில்லை. உன் கால் வீங்கியபோதும், கண் மங்கியபோதும், கடைசியில் படுக்கையோடு கிடந்தபோதும் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது நம் தெருவுக்கே தெரியும். கூடப்பிறந்தவளுக்குச் செய்ததைச் சொல்லிக்காட்டினால் எனக்கே அசிங்கம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி அம்மாக்களிடம் நாலெழுத்துப் படித்தவள் நான். உன் பென்ஷன் காகிதம் எது வந்தாலும் "அஞ்சல, இதப் படிச்சிச் சொல்லுடி" என்று என்னைத்தானே கூப்பிட்டாய்? அந்த ஒரு காகிதத்துக்கு மட்டும் நான் ஏன் வேண்டாதவளாகப் போனேன்? கண் காட்டப் புதுச்சேரிக்குப் போகிறேன் என்றாய். நம் கூடப்பிறந்த கோவிந்தன் அண்ணனின் வண்டியில் ஏறினாய். வழியில் பசிக்குமே என்று புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். அதை எங்கே வைத்துச் சாப்பிட்டாய் அக்கா? உயில் எழுதுகிற நொத்தேர் வீட்டு வாசலிலா?

திரும்பி வந்ததும் வெந்நீர் வைத்துக் கால் கழுவிவிட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "வயசாயிடுச்சின்னாரு" என்றாய். அதோடு சரி.

அதற்குப் பிறகும் இரண்டு மழைக்காலம் இருந்தாய். அடுத்த கோடையில் இவர் எங்கள் கூரையைப் பிரித்துப் புதுசாக வேய்ந்தார். வைக்கோலும் மூங்கிலும் எங்கள் காசு. நீ நாற்காலியைப் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்து பார்த்தாய். "நல்லா இழுத்துக் கட்டுப்பா. காலம் பூரா தாங்கணும்" என்று சொன்னாய். யாருக்குத் தாங்க வேண்டும் என்று நினைத்துச் சொன்னாய்? அந்த வீடு எங்களுக்கு இல்லை என்று அப்போதே உனக்குத் தெரியுமே. ஏணியில் நின்று வியர்த்துக்கொண்டிருந்த மனுசனைப் பார்த்து எப்படி வாய் வந்தது?

உன் கருமாதி முடிந்த மறுநாள் நொத்தேரின் குமாஸ்தா வந்தார். பிரெஞ்சில் ஒரு தடவை வாசித்தார், யாருக்கும் புரியவில்லை. பிறகு தமிழில் சொன்னார். ஓட்டு வீடு அண்ணனின் பெரிய மகனுக்கு. கிணற்றடிக் கூரை வீடு சின்னவனுக்கு. நாங்கள் இருந்த வீடு அண்ணனுக்கே. மூன்று வீடுகளிலும் இருக்கிற தட்டுமுட்டுச் சாமான்களும் அண்ணனுக்கு. எனக்கு ஒரு குத்துவிளக்கு, ஒரு செப்புத் தவலை, உன் கட்டில்.

அதையும் பொறுத்திருப்பேன். கடைசியில் வந்த வரியைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. "என் தங்கை அஞ்சலையும் அவள் புருஷனும் இதுநாள்வரை வாடகையில்லாமல் குடியிருந்தபடியால், அவர்களுக்கு வேறு பாத்தியதை இல்லை." குமாஸ்தா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஊர்ப் பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நான் உன்னிடம் குடியிருந்தேனா அக்கா?

நீ எழுதிய "தட்டுமுட்டுச் சாமான்" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அண்ணி மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். என் கல்யாண அண்டாவில் மாமனார் பேர் வெட்டியிருந்ததால் அதை விட்டாள். ஆட்டுக்கல்லைக் காலால் தொட்டுக் காட்டி, இது எங்களுடையது என்றாள்.

"அண்ணி, அது நாங்க கரிக்கலாம்பாக்கத்துலருந்து எடுத்தாந்தது" என்றேன்.

"கல்லுல யாரு பேரு எழுதிக்கீது? வூட்டுல கீறது எல்லாம் எங்களுதுன்னுதான உங்கக்கா எழுதிக் குடுத்துக்கீறாங்க."

வேலியோரம் நின்றுகொண்டிருந்த செபஸ்தியம்மாள் உள்ளே வந்தாள். அண்ணன் வயலில் நடவுக்கு வருவாளே, அவள்தான். நம் வாசலுக்குள் அதுவரை அவள் கால் வைத்ததில்லை.

"அந்தக் கல்ல வண்டியிலருந்து எறக்கனதுல எங்க வூட்டு ஆளும் ஒருத்தரு, அம்மா. அன்னிக்கிப் புடிச்ச தோள்பட்ட வலி இன்னும் கீது அவருக்கு. கல்லு இவுங்களுதுதான்."

"நீ யாருடி நடுவுல பேசறதுக்கு?"

"பாத்தவ. பாத்தத சொல்றேன்" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அண்ணன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எடுத்துக்கினு போவட்டும், வுடு" என்று மட்டும் சொன்னார். நம்மோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். என் கல்லை எனக்கே தானம் கொடுக்கிற மாதிரி சொன்னார்.

அண்ணி அதற்குள் இன்னொரு யோசனையும் வைத்திருந்தாள். ஓட்டு வீட்டுப் பின்னறையில் நாங்கள் இருந்துகொள்ளலாம், பெரியவன் வீட்டுக்கு நான் சமைத்துப் போட்டால் போதும். இவர் பாயைச் சுருட்டத் தொடங்கினார். அதுதான் எங்கள் பதில்.

நீ கொடுத்த செப்புத் தவலையைச் செபஸ்தியம்மாளுக்குக் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே, என் பங்கு அது. அண்ணி பார்க்கப் பார்க்க அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவோடு போனாள். கட்டிலை இவர் முதுகுக்காக எடுத்துவந்தேன். குத்துவிளக்கு இன்னும் துணியில் சுற்றியபடியே இருக்கிறது. பிரிக்கக் கை வரவில்லை.

வண்டி புறப்படும்போது அண்ணன் பின்னாலேயே வந்தார். வாய்க்கால் மேட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"அக்கா மேல கோவப்படாத அஞ்சல. அதுவா எழுதல. நான்தான் சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

"வூட்ட அவளுக்கு எழுதினா, அவ புருசனையே கொள்ளியும் வெக்கச் சொல்லு. எம்புள்ளைங்க வராதுன்னேன்."

"அழுதுச்சா அக்கா?" என்று கேட்டேன். உனக்காகத்தான் கேட்டேன். அழுதாள் என்று அவர் சொல்லியிருந்தால், அதை வைத்துக்கொண்டு மீதி நாளை ஓட்டியிருப்பேன்.

"இல்ல. நொத்தேர் வூட்டுக்கு வண்டிய எப்ப கட்டுறன்னு கேட்டுச்சு."

அவ்வளவுதானா அக்கா? ஒரு நாள்கூட யோசிக்கவில்லையா?

பிள்ளையில்லாதவளின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லையென்றால் ஊர் என்ன சொல்லும் என்று இரவெல்லாம் முனகுவாயே, கேட்டிருக்கிறேன். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டை அவர்களுக்கே கொடுத்துவிடு, உன் சாவு நல்லபடி நடக்கட்டும் என்று நானே சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். இன்னொன்றும் சொல்கிறேன். இவரைக் கேட்டிருந்தால், ஊர் என்ன சொன்னாலும் கொள்ளிக்குடத்தைத் தோளில் தூக்கியிருப்பார். வீட்டுக்காக இல்லை. நீ எங்களைக் கேட்கவே இல்லை. கஞ்சி ஊட்டுவதற்கு நம்பின கையை, நெருப்பு வைக்க நம்பவில்லை.

போனது வீடு என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்வேன், பார்த்தும்விட்டேன். ஆனால் அந்த இரண்டு மழைக்காலமும் நீ என் கையால் சாப்பிட்டுவிட்டு, என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருந்தாயே. அந்த நாட்களை என்ன செய்வது? நீ சிரித்த சிரிப்பில் எது நிஜம் என்று இப்போது உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். பிரிக்க வரவில்லை.

போன வாரம் செலியமேட்டு வண்டிக்காரர் ஒருவர் சாப்பிட வந்தார். நாங்கள் இருந்த வீட்டில் வைக்கோல் அடைத்திருக்கிறார்களாம். ஓட்டு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பெரியவன் புதுச்சேரியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டானாம். வருகிற ஐப்பசியில் உனக்கு வருஷம் திரும்புகிறது. யார் படைக்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் படைப்பேன். இவரிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். அன்றைக்குக் கடை கிடையாது. தலைவாழை இலையில் உனக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பேன், உன் பேரைச் சொல்லிக் கற்பூரம் ஏற்றுவேன். நான் இருக்கிறவரைக்கும் ஒரு வருஷமும் தவறாது. அது என் வாக்கு. ஆனால் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. வா, வயிறாரச் சாப்பிட்டுப் போ. நான் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள்,
உன் தங்கை அஞ்சலை