பன்ன இலையின் பின்பக்கம்

நேற்று மாலை ஒரு பன்ன இலையைக் கிள்ளி, கொப்பித்தாள் ஒன்றின்மேல் வைத்தேன். இன்று காலை இலையைத் தூக்கினால், தாளில் அதே இலை மண்ணிறப் பொடியாகப் படுத்திருக்கிறது. ஊதினால் பறந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு தாளில் உனக்கு எழுதுகிறேன்.

மலையிலிருந்து அக்கராயனுக்கு வந்தபோது நீயும் புருஷனும் கொண்டுவந்தது ஒரு கைக்குழந்தையும் ஒரு பன்னமும்தான். உங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஊற்றுத் தண்ணீர் பீலி வழியே விழும் இடத்தில் உன் அம்மா நட்ட பன்னம்; பூவும் விதையும் இல்லாத, இறகு போன்ற இலைச்செடி. எங்கள் வெயில் அதைக் குடித்துவிடும் என்று நான் சிரித்தேன். உன் வளவில் கிணறு இல்லை. என் கிணற்றடி வாழைகளுக்குள் சாக்குக் கட்டி நனைத்து, தேங்காய்ப் பொச்சுமட்டையில் அதை வைத்தாய். மத்தியானங்களில் அந்த நிழலுக்குள் இருவரும் காலை நீட்டி இருப்போம். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டும்.

"கண்ண மூடிப் பாரு புள்ள, பீலிச் சத்தம் கேக்கும்" என்பாய்.

எனக்கு ஒன்றும் கேட்காது. ஆனாலும் "ஓம், ஓம்" என்பேன். சில நாட்களில் கேட்டது போலவும் இருக்கும்.

பிறகு மகளுக்குச் சுகமில்லை என்று ஆஸ்பத்திரியில் பத்து நாள் நின்றாய். பன்னத்தை என்னிடம் விட்டுப் போனாய். நானும் நன்றாகத்தான் பார்த்தேன். இலைகளின் பின்பக்கம் வரிசை வரிசையாக மண்ணிறப் புள்ளிகள். மிளகாய்த் தோட்டக்காரிக்குப் புள்ளி என்றால் நோய். ஓர் இலை விடாமல் வெட்டி, கிணற்றுக்கட்டின் பின்னால் எறிந்தேன். உன்னிடம் பாராட்டு வாங்கலாம் என்றுகூட நினைத்தேன், மடைச்சி.

திரும்பி வந்த நீ மொட்டைக் கட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

"நோய் பிடிச்சிட்டுது, அதுதான் வெட்டினனான்."

"நோவு இல்ல புள்ள. அதுதான் அதோட குஞ்சுங்க. அம்மா மொகம்கூட மறந்துபோச்சு, இது ஒண்ணுதான் இருந்துச்சு."

கட்டை துளிர்க்கவில்லை. நீ என்னைக் கோபிக்கவுமில்லை. வழக்கம்போலத் தண்ணீர் அள்ள வருவாய், வாழைப்பக்கம் மட்டும் திரும்பமாட்டாய். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்க நாள் இருக்கிறது என்று நான் இழுத்தடிக்க, அடுத்த மாரியில் மலேரியா உன்னைக் கொண்டுபோனது. புருஷன் மகளைத் தூக்கிக்கொண்டு ஜெயபுரத்துக்குப் போய்விட்டார்.

மழை விட்ட ஒருநாள், கிணற்றுக்கட்டின் பின்பக்கம் பாசி சுரண்டப் போனேன். பாசிக்குள் சுருண்ட வால் போல ஒரு பச்சை. பக்கத்தில் இன்னொன்று.

"இஞ்சை ஓடி வாவன், உன்ரை குஞ்சுகள்!" என்று கத்திக்கொண்டு உன் வளவுக்கு ஓடினேன். வாசல் படலையில் கை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அந்தப் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது அந்தக் கட்டு முழுக்கப் பன்னம். மத்தியானத்தில் அதன் அருகே கண்ணை மூடினால் எனக்குப் பீலிச் சத்தம் கேட்கிறது, உண்மையாகவே.

இன்று உன் மகள் கலியாணம் சொல்ல வருகிறாள். பொடி படிந்த அந்தத் தாளை மடித்து அவளிடம் கொடுக்கப்போகிறேன். போகிற வீட்டிலும் ஒரு கிணற்றடி இருக்கும், அந்த ஈரத்தில் தூவட்டும். அழுக்கென்று தட்டிவிடுவாளோ என்பதுதான் பயம். அதனால் தாளைப் பிரிக்க விடமாட்டேன், முதலில் சொல்லிவிடுவேன்:

"நோய் இல்லைப் பிள்ளை. உன்ரை அம்மாவின்ரை குஞ்சுகள்."