கேப்டனுக்கு மன்னிப்பு

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? இங்கே கிடங்கில் பெட்டி தூக்கும்போது வழுக்கிவிட்டேன். பயப்படாதீர்கள், பழைய முழங்கால்தான் கொஞ்சம் மக்கர் செய்கிறது. உட்கார்ந்து லேபிள் ஒட்டச் சொல்லிவிட்டார்கள், ராஜ மரியாதை!

தங்கை எழுதியிருந்தாள். நம் ஊர்க் கால்பந்து அணியின் ரசிகர்கள் சலூனில் கூடி என்னைப் பற்றித்தான் பேசினார்களாம். "கேப்டனா இருந்துட்டு பாதியில விட்டுட்டு ஓடினவனை மன்னிக்கலாமா?"

அவர்களுக்காக ஆடித்தான் இந்த முழங்கால் போனது. அன்று ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் கைதட்டலிலா நம் வீட்டு அடுப்பு எரிந்தது?

என் முழங்கால் பட்டை டிரங்குப் பெட்டியில் கிடக்கும், அனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். கடைசியில், "மன்னிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார்களாம். நீங்களும் அங்கே இருந்தீர்களாம். உங்கள் கை எங்கே இருந்தது என்று மட்டும் தங்கை எழுதவில்லை.

உங்கள் மகன்