துடுப்புப் போடாத டாக்டர்

பதிவு 212 / காலை 7.10

வெண்பாறை நிலையம், சனிக்கோளின் பனித் துணைக்கோள். வெளியே குளிர் வழக்கம்போல் கொடூரம். பனியை உருக்கித் தேக்கும் உருகுகிணற்றில் நீர்மட்டம் சரி. ஆட்கள் மூவர், மூவரும் உயிரோடு. எழுதுவது நிலையப் பொறுப்பாளர் பிலோமினா. தொழில் அட்டை: பனிவண்டி ஓட்டுநர்.

எழுந்ததிலிருந்து வயிறு சரியில்லை. சமையல்காரன் பீர்முகம்மதுவின் நேற்றைய குருமாவாக இருக்கும்.

இதைக் கண்டெடுக்கிறவருக்கு ஒரு விளக்கம். தொழில் அட்டை என்பது பிடரியில் செருகும் வில்லை. செருகினால் தொழில் தெரியும், கழற்றினால் மறந்துபோகும். ஒரு பிடரிக்கு ஓர் அட்டைதான். அதனால் பூமியில் இருக்கும் மையம் படித்தவனைத் தேடி அலைவதில்லை. எங்கள் டாக்டர் கலியமூர்த்தி மன்னார்குடியில் செல்போன் உறை விற்றவன்.

பதிவு 212 / பிற்பகல் 2.40

வலி அடிவயிற்றில் வலப்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. கலியமூர்த்தி அமுக்கிப் பார்த்தான். குடல்வால் வீங்கியிருக்கிறது, நாளைக்குள் வெட்டி எடுக்காவிட்டால் வெடிக்கும், வெடித்தால் பிழைக்க மாட்டேன் என்று கணீரென்று சொன்னான். சரி, வெட்டு என்றேன். தனக்கு வெட்டத் தெரியாது என்றான். அதையும் கணீரென்றுதான் சொன்னான்.

அவன் அட்டையை வாங்கிப் படித்தேன். டாக்டர். திறன்கள்: நோயறிதல், மூலிகை அறிதல், துடுப்புப் போடுதல். கொடுப்பினை: மின்னல் அறுவை. கொடுப்பினை என்றால் ஒரு திறனைக் கூர்மையாக்குவது. அறுவை செய்தால் இவன் இருமடங்கு வேகத்தில் செய்வானாம். அறுவை என்ற திறன்தான் அட்டையில் இல்லை. பல் போனவன் கையில் முறுக்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த அட்டைகளை எழுதியது யாரென்று நினைக்கிறீர்கள்? மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, நீ மந்திரவாதி நான் தளபதி என்று வேஷம் கட்டி விளையாடுகிற ஆட்டத்துக்கு விதிப்புத்தகம் எழுதும் கூட்டம். தொழில்களை வரிசையாக அட்டவணை போட்டு வைத்திருந்தது அவர்கள்தானாம், மையம் கூப்பிட்டு வேலையைக் கொடுத்துவிட்டது. என் அட்டையில் வண்டி ஓட்டுதலும் குதிரைக்கு லாடம் அடித்தலும் இருக்கின்றன. கொடுப்பினை, முத்துக்குளிப்பில் மூச்சடக்கம். நீச்சல் கிடையாது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு என்பார்கள், இவன்கள் அதை அச்சடித்தே விற்கிறான்கள்.

பதிவு 212 / மாலை 6.30

அறுவையர் அட்டை அலமாரியில் இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், எடுக்க முடியாது. கையில் இருக்கும் தொழிலின் எல்லாத் திறனையும் ஒரு தடவையாவது செய்து முடித்தால்தான் அடுத்த தொழிலுக்குப் பூட்டு திறக்கும். கலியமூர்த்தி நோயறிந்துவிட்டான், மூலிகைக்குச் சுக்குக் கஷாயம் போட்டுவிட்டான். துடுப்புப் போடவில்லை.

மையத்துக்குச் சொல்லி அனுப்பினேன். இப்போதுதான் பதில் வந்தது.

"வெண்பாறைக்கு வணக்கம். தங்கள் உடல்நிலை அறிந்து வருந்துகிறோம். ஆட்டத்தின் சமநிலை கருதி விதிவிலக்கு அளிக்க இயலாது. விரைவில் குணமடைய வாழ்த்துகள்."

ஆட்டமாம். என் வயிறு இவன்களுக்கு ஆட்டம். நாசமாப் போறவன்களா.

பதிவு 213 / காலை 8.15

காய்ச்சல். பீர்முகம்மது சுத்தியலால் அலமாரியை அடித்துப் பார்த்தான். கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை, அவன் கட்டைவிரல்தான் வீங்கியது.

கலியமூர்த்தி முகத்தில் மட்டும் கல்யாணக் களை. அவன் ஊரில் இந்த ஆட்டத்தையே சோறு தண்ணி இல்லாமல் ஆடியவன், சட்டைப்பையில் இப்போதும் இரண்டு பகடை குலுங்கும். வேலை செய்யச் செய்ய அட்டையில் ஏறும் பட்டறிவுப் புள்ளியை இத்தனை நாள் சேர்த்து, எல்லாவற்றையும் கொட்டி அவன் கூடுதலாக வாங்கிய திறன் என்ன தெரியுமா? பேரம் பேசுதல். மூன்று பேர் இருக்கிற பனிப்பாறையில் எந்தச் சந்தையில் பேரம் பேசப்போகிறான் இந்த மடையன்?

ராத்திரியெல்லாம் விதிப்புத்தகத்தைப் படித்தானாம். படகு என்று எங்கேயும் சொல்லவில்லையாம், மிதக்கும் கலம் என்றுதான் இருக்கிறதாம். மாவு பிசைகிற அண்டாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் உருகுகிணற்றுக்குப் போயிருக்கிறார்கள். நான் படுக்கையிலிருந்து இன்டர்காமில் கேட்கிறேன்.

"அக்கா, எறங்கிட்டேன். அண்டா ஆடுது."

"ஆடட்டும்ல. துடுப்பப் போடு."

"துடுப்பு ஏது? சாம்பார் கரண்டிதான். வட்டம் வட்டமா சுத்துதுக்கா."

"நீ பொறந்ததுலருந்தே அப்டித்தாம்ல. அக்கரைக்குப் போ."

அப்புறம் ஒரு 'தொபுக்'. பீர்முகம்மதுவின் குரல்.

"யா அல்லாஹ்! அக்கா, டாக்டர் உள்ள போயிட்டாரு! கொக்கி போட்டு இழுக்கேன்!"

கிணற்றுத் தண்ணீரில் விறைத்துப்போனால் இவனுக்கு யார் வைத்தியம் பார்ப்பது? எனக்கு மூச்சடக்கம் இருக்கிறது, நீச்சல் இல்லை. அவனுக்கு இரண்டும் இல்லை.

பதிவு 213 / காலை 10.50

இழுத்துப் போட்டார்கள். உதடு நீலம். போதும் வாங்கலே என்று நான்தான் கத்தினேன். அந்த முட்டாள் மறுபடியும் அண்டாவில் ஏறினான்.

"அக்கா, அக்கரையத் தொட்டுட்டேன்! அலமாரி தொறந்துடுச்சா?"

திறந்துவிட்டது. பச்சை விளக்கு. நான் அழுதேன், அதையும் எழுதி வைக்கிறேன். இவனைத் திட்டியதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை, ஆனாலும் அழுதேன்.

பதிவு 213 / பகல் 12.20

கையெழுத்து இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

டாக்டர் அட்டையைக் கழற்றி அறுவையர் அட்டையைச் செருகினான். கத்திகளை எவ்வளவு அழகாக அடுக்குகிறான்! கை ஆடவில்லை. அடுக்கி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

அக்கா, உங்களுக்கு என்ன பண்ணுது?

அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். அறுவையர். திறன்கள்: வெட்டுதல், தைத்தல், முகச்சவரம். கொடுப்பினை: நோய் மோப்பம். நோயறிதலைக் கூர்மையாக்கும். நோயறிதல் கழற்றிப் போட்ட அட்டையில் இருக்கிறது. எவனோ இரண்டு கொடுப்பினையையும் மாற்றி ஒட்டியிருக்கிறான். ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

டாக்டர் அட்டையைப் பீர்முகம்மதுவுக்குச் செருகலாமா? சமையல்காரன் அட்டையில்தான் மயக்கமருந்து கொடுத்தல் இருக்கிறது, ஆட்டத்தில் ராஜாவின் விருந்தில் கலப்பதற்காம். அதைக் கழற்றினால் நான் முழிப்போடு அறுபட வேண்டும். எனக்கே செருகிக்கொள்ளலாமா? முதலில் ஒரு குதிரைக்கு லாடம் அடிக்க வேண்டும்.

குடல்வால் என்று சொன்னேன். அது எங்கே இருக்கும் என்றான். வலிக்கிற இடம் எனக்குத் தெரியும், அதற்கு எவன் அட்டையும் வேண்டாம். பேனா எடுத்து வயிற்றில் பெருக்கல் குறி போட்டேன். பக்கத்திலேயே 'வலது' என்று எழுதினேன். இதற்கு மேல் தப்பு பண்ண இவன்களால் முடியாது.

பதிவு 213 / பிற்பகல் 1.05
(அறை ஒலி, தானாக எழுத்தாக்கப்பட்டது)

பிலோமினா: பதிவு ஓடட்டும். முகமூடி போட்டாச்சு. நான் எந்திரிக்கலேன்னா அந்த விதிப்புத்தகம் எழுதுனவன... அவன... (தெளிவில்லை)

பீர்முகம்மது: அக்கா தூங்குறாங்க. வயித்த ஸ்பிரிட் போட்டுப் பளிச்சுனு தொடச்சுட்டேன், டாக்டர். ஒரு அழுக்கு இல்ல.

கலியமூர்த்தி: குறி எங்கய்யா?

பீர்முகம்மது: எந்தக் குறி? அந்த மையா?

(துணி கீழே விழும் ஒலி)

கலியமூர்த்தி: வலதுன்னு எழுதியிருந்துச்சுல்ல?

பீர்முகம்மது: ஆமா, வலதுதான். நல்லா ஞாபகம் இருக்கு.

கலியமூர்த்தி: யாரோட வலது? அவங்களதா, எதிர்ல நிக்கிற நம்மளதா?

பிலோமினா: (தூக்கத்தில் முனகல், தெளிவில்லை)

பீர்முகம்மது: அது என் அட்டையில இல்லையே, டாக்டர்.

கலியமூர்த்தி: சரி. என் சட்டைப்பையில கைய விடு. ரெட்டை விழுந்தா இந்தப் பக்கம்.

(மேசையில் ஏதோ உருளும் ஒலி)