பக்கத்து இருக்கையில் இருந்த அண்ணனுக்கு

என் ஆசை அண்ணே,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் எழுதுகிறேன், படிக்கட்டும். எனக்கு அழுது எழுத வராது என்று உனக்கே தெரியும். உன் சாவு வீட்டிலேயே யாருக்குத் தேத்தண்ணி போயிருக்கிறது, யாருக்குப் போகவில்லை என்று பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு என்னோடு கொழும்பில் இருக்கிறாள். தண்ணியில் ருசியில்லை, காற்றில் குளிர்ச்சியில்லை என்று தினமும் ஒரு முறைப்பாடு. றக்வான ரோட்டுக்குத் தார்க் காபட் போட்டுவிட்டார்கள். கொழுந்து லொறியோடு நீ விழுந்த வளைவில் இப்போது இரும்புத் தடுப்பு இருக்கிறது. அதில் யாரோ டியூஷன் விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள்.

நான் ஒரு விமானக் கம்பெனியில் ஆள் சேர்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். சிரிக்காதே. விமானம் ஓட்டப் பழக வருகிறவர்களைத் தெரிவு செய்யும் மூன்று பேரில் நானும் ஒருத்தி. மற்ற இருவரும் வயதான கப்டன்மார். இத்தனை காலம் வந்தவர்களெல்லாம் அப்பா விமானி, மாமா விமானி, இல்லாவிட்டால் வீட்டைப் பிணை வைத்துப் பழக வசதியுள்ள பிள்ளைகள். இப்போது பயிற்சிச் செலவைக் கம்பெனியே ஏற்கிறது. எல்லாருக்கும் கதவு திறந்திருக்கிறது என்று பெரிய எழுத்தில் விளம்பரம் போட்டோம்.

அதைப் பார்த்துத்தான் தர்ஷினி வந்தாள். றக்வானப் பக்கத்துத் தோட்ட லயத்துப் பிள்ளை, நம் தோட்டம் இல்லை. கணிதமும் பௌதிகமும் நன்றாகச் செய்திருந்தாள். சிங்களம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு, இங்கிலீசும் மோசமில்லை. உட்காரச் சொல்லும்வரை நின்றாள், சொன்ன பிறகும் கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தாள். பெரிய கப்டன் என் பக்கம் சாய்ந்து, உங்கள் ஊர்ப் பிள்ளையா என்று கேட்டார். ஊர்ப்பக்கம்தான், ஆனால் ஆளைத் தெரியாது என்றேன். அதோடு என் வாய் பாதி கட்டுப்பட்டுப்போனது. அவளுக்காக ஒரு வார்த்தை பேசினால் ஊர்ப் பாசம் என்பார்கள். பேசாவிட்டால் அதற்கு என்ன பெயர்?

கடைசிப் பரீட்சை, தரையிலேயே விமானியறை போல் செய்து வைத்த ஒரு கூண்டுக்குள் நடக்கும். இடப்பக்கம் பெரிய கப்டன், வலப்பக்கம் வந்த பிள்ளை. குறித்த உயரத்துக்குக் கீழே கப்டன் வேண்டுமென்றே விமானத்தை இறக்குவார். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் பரீட்சை. முதலாமவரின் பிழையைப் பிடிக்கத்தானே இரண்டாமவரை அங்கே உட்கார வைக்கிறார்கள்?

தர்ஷினி உயரம் காட்டும் முள்ளைப் பார்த்தாள், கப்டனைப் பார்த்தாள். இங்கிலீசில்தான் சொன்னாள், ஆனால் என் காதில் அது நம் தமிழாகவே விழுந்தது. "சேர், எனக்குத்தான் சரியா வெளங்கலிங்க போல. இன்னும் எறங்கணுங்களா?"

கப்டன்மார் இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். இந்தப் பிள்ளைக்கு முள் பார்க்கத் தெரியவில்லை.

தெரியாமல் என்ன? சரியாகத்தான் பார்த்திருந்தாள். தோட்டத்துத் துரை பிழையான மலைக்கு ஆள் அனுப்பினால் நம்மில் யார் பிழை என்று சொல்லியிருக்கிறோம்? "எனக்குத்தாங்க வெளங்கல" என்று பழியை நம் தலையில் போட்டுக்கொள்வோம். அவர் ஒரு நிமிடம் யோசித்துத் தானாகத் திருத்திக்கொள்வார். அவர் மரியாதையும் தப்பும், நம் வேலையும் தப்பும்.

ஊர்ப் பாசம் என்றால் என்றுவிட்டுப் போகட்டும் என்று இதைக் கப்டன்மாரிடம் சொன்னேன். பெரிய கப்டன் கெட்ட மனிதர் இல்லை, முழுவதையும் கேட்டார். பிறகு, இந்த மரியாதையையெல்லாம் மொழிபெயர்த்து விளங்கிக்கொள்ள ஆகாயத்தில் நேரம் இருக்குமா மிஸ் என்றார். நியாயமான கேள்வி, அண்ணே. நீதான் ஞாபகத்துக்கு வந்தாய்.

நீ லொறியில் உதவியாளாகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். செல்லையா மாமா ஸ்டியரிங்கிலேயே தலை நரைத்தவர். பள்ளம் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை என்று சத்தத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கும். கையில் கட்டோடு உன் சாவு வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் மாமா ஒன்றையே சொன்னார். "எனக்குப் பயமா இருக்குங்க மாமான்னுதான் சொன்னான். சின்னப் பய, பயப்படுறான்னு நெனச்சேன். பிரேக் புடிக்கலன்னு சொல்லலியே."

ஏன் சொல்லவில்லை? அவர் மனம் நோகும் என்றா? தானாக விளங்கிக்கொள்வார் என்றா? உன்மேல் எனக்குக் கோபம், அண்ணே. இன்றைக்கும் கோபம்தான். அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

உன் கதையை நான் அந்த அறையில் சொல்லவில்லை. சொன்னால் பாவம் பார்ப்பார்கள், நான் கேட்டது அது இல்லை. காசு கட்டி வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்குக் கப்டன் வேண்டுமென்றே பிழை விடுவார் என்று முன்கூட்டியே தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. ஆகவே எல்லாருக்கும் அதைச் சொல்லுங்கள், எல்லாரையும் திரும்பச் சோதியுங்கள் என்றேன். சின்னக் கப்டன் நேரம் போகும் என்று முணுமுணுத்தார். பெரியவர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். முதல் தடவை சொன்னதும் திருத்த மாட்டார், அதோடு அடங்கிப் போகிறவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

மறுபடி கூண்டுக்குள் போகுமுன் ஒவ்வொருவருக்கும் நான்தான் வாசித்தேன். கப்டனும் பிழை விடுவார், அதைப் பிழை என்று நேரே சொல்வது உங்கள் வேலை, அதில் மரியாதைக் குறைவு இல்லை.

கொழும்பு விமானி ஒருவரின் மகன் அழகாகச் செய்தான், தெரிவாகியும் விட்டான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாவனல்லையிலிருந்து வந்த தம்பி ஒரு தரம் சொல்லிவிட்டுக் கப்டனின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டான். நல்ல பிள்ளை, எனக்குப் பிடித்திருந்தது, வீட்டுக்கு அனுப்பினோம். அது நியாயம்தானா? இன்னும் யோசிக்கிறேன்.

தர்ஷினி உட்கார்ந்தாள். முள் இறங்கியது. "கப்டன், உயரம் குறைவு" என்றாள். அவர் காதில் விழாதவர் போல் இருந்தார். திரும்பச் சொன்னாள். "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்று அசல் துரை மாதிரி அதட்டினார். பரீட்சைக்கான அதட்டல்தான். அவள் பார்வை முள்ளிலிருந்து இறங்கி மடிக்குப் போனது. போச்சு என்று நினைத்தேன்.

"கப்டன், இது பிழை. மேல எடுங்க. இல்லாட்டி நான் எடுக்கிறேன்." கை ஏற்கெனவே விமானத்தின் பிடியில் இருந்தது.

வெளியே வந்ததும் ஓரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றுதான் என்னிடம் முதல் தடவை தமிழில் பேசினாள். "அவரு கோவிச்சிக்கிட்டாருங்களா, மிஸ்?"

"கோவிச்சா கோவிக்கட்டும் பிள்ள. பின்னால இருந்த சனமெல்லாம் உசுரோட எறங்கிடுச்சில்ல" என்றேன். உள்ளே கப்டன்மார் அவளுக்குச் சரி போட்டாயிற்று என்று அப்போது நான் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. முகம் கழுவப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உனக்காக அன்றைக்குத்தான் அழுதேன்.

நான் அந்தக் கதிரையில் இருக்கும்வரை, பக்கத்து இருக்கைக்கு வருகிற எந்தப் பிள்ளையையும் அந்த வார்த்தைகளை வாசித்துக் காட்டாமல் உள்ளே அனுப்ப மாட்டேன். இது சத்தியம். உனக்குத்தான் அதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை, அண்ணே.

உனக்கு நேர் இளையவள்,
உன் தங்கச்சி