அனுப்பாத குரல்

அக்கரப்பத்தனை
வியாழன் காலை

அன்பு மகள் ஷெரோமிக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் உன்னோடு நடனமாட மலேசியா போயிருக்கும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறோம். நலம் என்று எழுதியது நம் வீட்டை மட்டும்தான் மகள். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பூரணி வீட்டை அதில் சேர்க்க முடியவில்லை. போனில் பேசினால் பிள்ளைகள் எல்லோரும் உன்னைச் சுற்றி நிற்கிறார்கள், குரூப்பில் போட்டால் ஊரே பார்க்கும். அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். தனியாக இருந்து வாசி.

பூரணியின் அம்மா ஜீவராணிக்குத் திங்கட்கிழமை தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டிவிட்டது. நிறையக் கொட்டு. ஓடும்போது போனும் விழுந்து உடைந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நன்றாகத்தான் பேசினாள். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. இந்த மூஞ்சியோட வீடியோவுல வந்தா எம்மக யாரு ஆன்ட்டி நீங்கன்னு கேக்கும் மாமா என்று சிரித்தாள். பிள்ளை மேடையில் ஆடி முடிக்கும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது என்றாள். என் போனில் மூன்று தடவை பேசிப் பதிந்து, தெனம் சாயந்தரத்துக்கு ஒண்ணொண்ணா அனுப்புங்க, அதுக்குள்ள வீக்கம் வடிஞ்சிரும் என்றாள். அன்றைக்கு ஒன்று, நேற்று ஒன்று அனுப்பினேன். அம்மா ஏன் வீடியோவுல வரல என்று பூரணி கேட்டதற்கு, போன் பழுது, இங்கே மழை, சிக்னல் இல்லை என்றேன். மழை இருந்தது. அதுமட்டும் உண்மை.

நேற்று அந்தப் பிள்ளை அம்மாவின் செருப்பு அளவு கேட்டாள். வாசலில் கிடந்த பழைய சோடியைத் திருப்பிப் பார்த்தேன், எண் தேய்ந்து போயிருந்தது. சாணால் அளந்து சொன்னேன்.

நேற்று இரவு ஜீவராணியைக் கண்டிக்கு மாற்றிவிட்டார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லையாம். பேச்சு இல்லை. பிள்ளைங்க இருந்தா வரச் சொல்லுங்க என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னதை அவள் புருஷன் அழகன் காலையில் வந்து சொன்னான். சொல்லிவிட்டு, இருந்தாலும் மிச்சத்தையும் அனுப்பிருங்க மாமா, அவ சொன்னபடியே நடக்கட்டும் என்கிறான். பாவம், அவனுக்கு எதுவும் ஓடவில்லை.

மிச்சமிருக்கும் மூன்றாவது பதிவைத் தண்ணித் தாங்கிப் பக்கம் போய் நின்று கேட்டேன். நல்லா ஆடு, எண்ணெய்ப் பலகாரம் திங்காத, டீச்சர் சொல்றதக் கேளு. கடைசியில், நாளைக்கு அம்மாவே பேசுறேன்.

இதை நான் அனுப்பமாட்டேன் மகள். நாளைக்கு அவள் பேசாவிட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும். ஜீவராணியிடம் கொடுத்த வாக்கை நான் மீறுகிறேன், பழி என் மேல் இருக்கட்டும். மற்றப் பிள்ளைகளைப் பிரியந்தி டீச்சரிடம் விட்டுவிட்டு, டிக்கட்டை மாற்றி, நீயே அவளைக் கூட்டிக்கொண்டு வா. ஆட்டம் போனால் போகட்டும். சொல்வதற்கு முன்னால் ஏதாவது சாப்பிட வை. சுருக்கமாகச் சொல், ஆனால் பொய் சேர்க்காதே, நான் சேர்த்தது போதும். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்பதை முதலில் சொல்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் வழி முழுக்கப் பிடித்துக்கொள்ளட்டும். அம்மா உன் நெற்றியில் சிலுவை போடச் சொன்னாள், இங்கிருந்தே போடுகிறேன். அந்தச் செருப்பை வாங்கியிருந்தால் பெட்டியில் வைக்க வேண்டாம், கையில் கொண்டுவரச் சொல்.

உன் அப்பா
அலோசியஸ்