நான் போட்டிருந்த ஜக்கெட்

என்னைத் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருசமாகிறது. உன் நினைவு மலருக்கு எல்லோரும் கவிதை கொடுத்திருக்கிறார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மருமகள், சுதனின் மனைவி நிஷா எழுதுகிறாள். சொன்னதைத்தான் எழுதுகிறாளா என்று ஒவ்வொரு பந்தியையும் திருப்பி வாசிக்கச் சொல்கிறேன். பெருமூச்சு விட்டுக்கொண்டே வாசிக்கிறாள்.

உன் மகன் சுதன் இப்போது கணக்கு வாத்தியார். நம்புவாயா? மொன்ட்ரியால்-நோரில் அவன் பின்னேரங்களில் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்து பழக்கிய பள்ளிக்கூடம் உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே கணக்கு ஆசிரியை ஒருவர் வருத்தம் வந்து படுத்து, வேலையை விட்டு நின்றுவிட்டார். அதிபர் மைதானத்துக்கே வந்து, நீ கணக்கில் பட்டம் எடுத்தவன்தானே என்று கேட்டாராம். ஆசிரியர் சான்றிதழ் இல்லாதவர்களையும் தற்காலிக அனுமதியில் எடுத்து, படிப்பித்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் படித்து முடிக்கச் சொல்கிறார்கள் இங்கே. லாசால் கிடங்கு வேலையை விட்டுவிட்டு உடனே போய்விட்டான்.

எனக்கு அது பிடிபடவேயில்லை, அக்கா. விசில் ஊதுகிறவனை ஏன் வகுப்புக்குள் விடுகிறார்கள்? அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடத்தில் தவறிய பிள்ளை, திரும்ப எழுதிச் சித்தியடையும்வரை ஆட்டத்தில் இறங்க முடியாது. பந்து பழக்குகிறவனே புள்ளி போடுகிறவனாகவும் இருந்தால் யாருக்கு வசதி? நம் ஊரில் விளையாட்டு வாத்தியார் தன் ஓட்டக்காரப் பொடியன்களை எப்படி வகுப்பேற்றினார் என்று நீதானே வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாய்.

ஐப்பசிக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் ஆள் ஒருவர் என் கதவைத் தட்டினார். பெயரைப் போட வேண்டாம் என்று நிஷா தடுக்கிறாள். உன் செத்தவீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, உன் முகத்தைப் பார்க்காமலே போனவர். அவருடைய மகள் சுதனிடம் கணக்கும் படிக்கிறாள், அவனுடைய அணியிலும் ஆடுகிறாள். கையில் ஒரு தட்டு ரோல்ஸ், ஒரு புதுக் குளிர் ஜக்கெட்.

"அண்ணன், பிள்ளை ஒரு கணக்குச் சோதினையில சறுக்கிட்டாள். சனிக்கிழம பெரிய ஆட்டம். தாய்மாமன் நீங்க ஒரு சொல்லுச் சொன்னா சுதன் தம்பி தட்டமாட்டார்."

கலியாணப் பேச்சு என்றாலும் காணிப் பிணக்கு என்றாலும் தாய்மாமனிடம் வந்து சொல்வதுதானே நம் வழக்கம். நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சுதனிடம் இதைப் பற்றி மூச்சும் விடவில்லை. வாசலில் வந்தவரைத் திருப்பி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

அவர் போன பிறகுதான் மண்டைக்குள் குடைந்தது. என்னிடம் வந்தவர் சுதனிடம் போகாமலா இருந்திருப்பார்? அந்தக் கிழமை முழுக்கச் சுதன் பிந்தித்தான் தன் வீட்டுக்குப் போனான். நான் போன் அடித்தாலும் எடுக்கவில்லை. நிஷாவைக் கேட்டால், "அவருக்கும் வகுப்பு, பிள்ளைகளுக்கும் வகுப்பு" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இதை எழுதும்போது பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

சனிக்கிழமை பஸ் பிடித்து மைதானத்துக்குப் போனேன். அந்தப் பிள்ளை ஓடிக்கொண்டு நின்றாள். ஒரு கோலும் அடித்தாள். சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். நான் கை தட்டவில்லை. ஆட்டம் முடிந்ததும் உன் மகனைக் கார் நிறுத்துமிடத்தில் மறித்தேன்.

"அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு புள்ளி போட்டாய், மனே?"

முதலில் சிரித்தான். பயிற்சி முடிய அவளை இருத்தி அந்தக் கிழமை முழுக்கச் சொல்லிக் கொடுத்தானாம். வெள்ளிக்கிழமை அவள் திரும்ப எழுதினாளாம்.

"என்ர டீம் பிள்ளையள்ட தாள நான் திருத்திறதில்ல, மாமா. பக்கத்து வகுப்பு டீச்சர் மடம்தான் திருத்தினவ. நானாக் கேட்டு வைச்ச ஏற்பாடு."

நான் விடவில்லை. அந்த மடம் யார், அவ ஏன் சம்மதிச்சா என்று குறுக்குக் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"அவள் சறுக்கினது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? இந்த ஜக்கெட் ஏது, மாமா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி நான் கேள்வி கேட்ட நேரமெல்லாம் அந்த ஜக்கெட் என் உடம்பில் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். சுதன் என்னைக் காருக்குள் ஏற்றினான்.

"எனக்கு இன்னும் சான்றிதழ் வரல்ல. மாமன் வாங்கினவர் எண்டு ஒரு கதை போனாலே காணும், என்னை வேலையால கலைச்சிருவாங்க."

நேரே அந்த ஆளின் வீட்டுக்குக் காரை விட்டான். காருக்குள்ளேயே கழற்றி மடித்து, என் கையாலேயே திருப்பிக் கொடுத்தேன். இதெல்லாம் ஒரு விசயமா அண்ணன் என்று அவர் சிரித்தார். ரோல்ஸ் என் வயிற்றுக்குள் போய்விட்டதே. அதற்கு ஈடாக அடுத்த நாள் நிஷா ஒரு தட்டு கட்லட் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

திங்கட்கிழமை சுதன் தானாகவே அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். மறைத்தால் என்ன என்று நான் கேட்டும் கேளாமல் போனான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பிள்ளையின் வேலையை நானே தின்றுவிட்டேனா, அக்கா?

பின்னேரம் வந்தான். அதிபர் அந்த மடத்தைக் கூப்பிட்டு விசாரித்தாராம், விடைத்தாளையும் பார்த்தாராம். பிறகு, போய் வகுப்பை எடு என்றாராம்.

"எழுத்தில தந்தாரா?" என்றேன்.

"இல்ல மாமா."

அது எனக்கு இன்னும் சந்தேகம்தான். வருச முடிவில் அனுமதியைப் புதுப்பிக்கும்போது பார்ப்போம். சுதன் என்னில் கோபப்படவில்லை. இரண்டு சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உன்னிடமும் இப்படித்தான் இருந்தானா?

ஒரு சத்தியம் செய்கிறேன். இனி அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பேன். ஆனால் கதவைத் திறக்கும்போதே என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். அப்படி நிற்பது மரியாதை இல்லை என்று அங்கே உன்னிடம் வந்து யாரும் சொன்னால், கணக்கு வாத்தியாரின் தாய்மாமன் அப்படித்தான் நிற்பான் என்று சொல்லு.

உன் கடைக்குட்டித் தம்பி